ஜட்டிக்காரன் சோப்பு

எனக்குச் சந்தேக புத்தி அதிகம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. கேட்காமலே யாராவது ஒரு மிட்டாயை நீட்டினால், 'இவருக்கு நம்மிடம் என்ன வேண்டும்' என்று யோசித்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். டீச்சர் காரணமில்லாமல் சிரித்தால் மறுநாள் பரீட்சை என்று கண்டுபிடித்துவிடுவேன். அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறாள் என்பாள் அம்மா. அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் சோப்புக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு இரும்புக் கொப்பரை, சோப்புக் குழம்பை ஊற்றி வைக்க நாலு மரச் சட்டம், இறுகியதை வெட்ட ஒரு கம்பி, லேபிள் ஒட்டக் கூலிக்கு வரும் இரண்டு அக்காமார், எல்லாருக்கும் மேலே அப்பா. துணி துவைக்கிற நீலக் கட்டி சோப்பு. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் துவைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். திருச்சுழிப் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் வேறு சோப்பைப் போட்டுத் தேய்த்தால் கைதான் வலிக்கும், நுரை வராது. துணியில் திட்டுத் திட்டாக வெள்ளை படிந்துவிடும். எங்கள் சோப்பு அந்த உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். அந்தக் கலவையை இருபது வயதில், கைத்தோல் உரிய உரியக் காய்ச்சிப் பார்த்து அப்பாவே கண்டுபிடித்தாராம். அதை வைத்துத்தான் தம்பியைப் படிக்க வைத்தார், கல்யாணம் பண்ணினார், என்னைப் பெற்றார்.

சோப்பின் பெயர் சூறாவளி. லேபிளில் ஒரு வீரன் முஷ்டியை முன்னால் நீட்டிக்கொண்டு பறப்பான். மஞ்சள் பனியன், மஞ்சள் கால்சட்டை, முதுகில் பச்சைத் துண்டு, கால்சட்டைக்கு மேலே சிவப்பு ஜட்டி. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வீரர்கள் எல்லாருமே ஜட்டியை வெளியே போட்டுக்கொண்டுதான் உலகத்தைக் காப்பாற்றினார்களாம். எங்கள் ஆளும் அதில் குறை வைக்கவில்லை. மற்றவர்களுக்கு இல்லாதது ஒன்று அவனிடம் இருந்தது, கட்டை மீசை. வலது புருவம் வேறு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், உலகத்தைக் காப்பாற்றப் போகிற இடத்திலும் எதையோ நம்பாதவன் மாதிரி.

சூறாவளி என்ற பெயர் லேபிளோடு சரி. பரளச்சி, வீரசோழன் என்று சுற்றியிருந்த எந்த ஊரிலும் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் சோப்பு கேட்டதில்லை. "ஜட்டிக்காரன் ரெண்டு குடுங்க" என்பார்கள். கல்யாணமாகி வந்த புதுப்பெண்கூட கூச்சப்படாமல் கேட்கும். அதனால் பள்ளிக்கூடத்தில் என் பெயரும் பதிவேட்டோடு சரி. நான் ஜட்டிக்காரன் மகள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தியை அதற்காகக் கடித்தே இருக்கிறேன். கடித்தபிறகு அவள், "ஜட்டிக்காரன் மக கடிச்சிட்டா டீச்சர்" என்றுதான் போய்ச் சொன்னாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் எவனோ ஒருவன் எங்கள் சோப்பைப் போலவே போலி போட்டு ஊர் ஊராக விற்றுவிட்டான். அதே வீரன், அதே மீசை. அச்சாபீஸில் எதையோ மிச்சம் பிடிக்கப் பார்த்து ஜட்டியை மட்டும் பச்சையாக அடித்துவிட்டான். அந்தச் சோப்பில் துவைத்த வேட்டி கிழிந்து, பழி எங்கள் தலையில் விழுந்தது. அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒரு கடை விடாமல் போனார். "ஜட்டி செவப்பா இருந்தாத்தான் எங்க சரக்கு. வேற எப்பிடி இருந்தாலும் போலி. கையால தொடாதீக" என்று கடைக்காரர்களுக்கும், கடையில் நிற்கிற பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஜனங்கள் நன்றாகவே படித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட சோப்பை வாங்கியதும் திருப்பி, ஜட்டியின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார்கள்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா வந்தார்.

அப்பாவின் ஒரே தம்பி. மெட்ராஸில் ஏதோ விளம்பரக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலை. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருகிறவர், அந்த வருஷம் பொங்கலும் இல்லாமல் தீபாவளியும் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். செவ்வாய்க்கிழமை யாராவது விருந்துக்கு வருவார்களா? எனக்கு அப்போதே பொறி தட்டியது.

மெட்ராஸ் அலுத்துவிட்டது, ஊரிலேயே அண்ணனோடு இருந்து தொழில் பார்க்கலாம் என்று வந்திருக்கிறார் என்பது சாப்பிடும்போது தெரிந்தது. அம்மா சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அப்பா, "வந்து என்ன செய்யப்போற?" என்று கேட்டார்.

"மொதல்ல அந்த லேபிள மாத்தணும்ணே. இந்தக் காலத்துல எந்தப் பிள்ள அதப் பாத்துட்டு வாங்கும்? சிரிக்குதுக. நான் புதுசா ஒண்ணு போட்டுத் தாரேன். அது ஓடுச்சுன்னா நான் இங்கனயே ஒங்ககூட இருந்துக்கிறேன். ஓடலைன்னா வந்த பஸ்ஸுல ஏறிப் போயிருதேன். மறுபேச்சு பேச மாட்டேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "சரி, போடு" என்றார். மோர் ஊற்றச் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாரே என்று அம்மாவுக்கு ஆச்சரியம். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தப்பா கொட்டகையின் ஓரத்தில் மேசை போட்டுக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்டூலைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். "பாப்பா, நீ சொல்லு. இவனுக்கு என்ன மாத்தலாம்?" என்றார்.

பெரியவர்கள் பிள்ளைகளிடம் அபிப்பிராயம் கேட்கமாட்டார்கள். கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை ஜட்டியைப் பற்றி ஏதாவது சொல்லவைத்து, பிறகு அப்பாவிடம் போட்டுக் கொடுப்பாரோ என்று தோன்றியது. அவர் விடவில்லை. "நீதான இந்தக் காலத்துப் பிள்ள? ஒங்களுக்காகத்தான போடுறோம்" என்றார். அவர் கேட்ட விதத்தில் கேலி இல்லை. ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஜட்டிய உள்ள போடச் சொல்லுங்க" என்றேன்.

அவர் மௌஸை இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்பது வருஷமாக என்னைப் படுத்திய ஜட்டி திரையிலிருந்து காணாமல் போனது. அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் நானும் சித்தப்பாவும் சேர்ந்து சூறாவளிக்கு உடை மாற்றினோம். மஞ்சள் போய்க் கறுப்பும் கருநீலமும் வந்தது. துண்டு வேண்டாம், கரண்டு கம்பியில் மாட்டிக்கொள்வான் என்று நான் சொன்னேன், அதையும் எடுத்தார். பனியன் இருந்த இடத்தில் ஆமை ஓடு மாதிரி கட்டம் கட்டமாக ஒரு கவசம் வந்தது. மீசை போயிற்று. கடைசியில் முகத்துக்கு ஒரு மூடி வந்தது, கண் இருக்கிற இடத்தில் இரண்டு வெள்ளைக் கோடு மட்டும். பார்க்கவே பயமாக இருந்தது. அப்படி ஒருவன் சோப்பு விற்றால் யாரும் என்னைக் கேலி செய்ய முடியாது.

பெல்ட்டின் நடுவில் ஒரு சின்னம் வேண்டும், அதை நீதான் வரைய வேண்டும் என்றார். நான் இரண்டு நாள் யோசித்துக் குடம் வரைந்தேன். பிளாஸ்டிக் குடம். உப்புத் தண்ணீரை ஜெயிக்கிறவனுக்கு வேறு என்ன சின்னம் இருக்க முடியும்? சித்தப்பா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மெட்ராஸுல ஒரு பய இப்பிடி யோசிக்க மாட்டான்" என்றார். அன்றைக்குத்தான் அவர்மேல் இருந்த சந்தேகத்தை முக்கால்வாசி விட்டேன். கால்வாசியை ஒரு பாதுகாப்புக்கு வைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா கொப்பரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். ஜட்டி எங்கே என்று கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"மூஞ்சி எங்கப்பா?"

"இப்பல்லாம் மாஸ்க்குதான்ணே. மூஞ்சி காட்டுனா பழசு."

அப்பா "ம்" என்றார். வலது புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது. அப்புறம் கொப்பரைக்குப் போய்விட்டார். அந்த வாரமே சித்தப்பா சிவகாசிக்குப் போய் லேபிளை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

கட்டுக் கட்டாக லேபிள் வந்து இறங்கிய அன்று நான் பையைக் கழற்றாமலே கொட்டகைக்கு ஓடினேன். ஒரு தாளை உருவிப் பார்த்தேன். கவசம் இருந்தது. மூடி இருந்தது. பெல்ட் இருந்தது. பெல்ட்டின் நடுவில் குடம் இல்லை. அந்த இடத்தில் பச்சையாக ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

"அச்சுல அவ்வளவு சின்னது விழலடா பாப்பா. அடுத்த தடவ பெருசாப் போட்டுருவோம்" என்றார் சித்தப்பா. நான் நம்பவில்லை. கண்ணுக்குப் போட்ட வெள்ளைக் கோடெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது, கோடு கோடாகக் கவசம் விழுந்திருக்கிறது, என் குடம் மட்டும் விழாதா? என்னிடம் யோசனையெல்லாம் கறந்துகொண்டு கடைசியில் ஏமாற்றிவிட்டார் என்று அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்து அழுதேன். நான் கால்வாசி சந்தேகத்தை வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அழுகைக்கு நடுவிலும் தோன்றியது. அப்பா அப்போது வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "குடத்த எடுத்துட்டானா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சித்தப்பா ஒரு லோடு ஆட்டோ பிடித்து, புது லேபிள் ஒட்டிய சோப்பை ஏற்றிக்கொண்டு லைனுக்குப் போனார். லைனுக்குப் போவது என்றால் கடை கடையாகப் போய்ச் சரக்குப் போடுவது. அதுவரை அப்பாவைத் தவிர வேறு யாரும் போனதில்லை. "நான் வேணா கூட வரவா?" என்று அப்பா கேட்கவுமில்லை, "நீங்க வேணா கூட வாங்க" என்று சித்தப்பா கூப்பிடவுமில்லை. சித்தப்பா கூலிங் கிளாஸ் போட்டு, பேண்ட்டுக்குள் சட்டையை விட்டு இன் பண்ணிக்கொண்டு கிளம்பினார். பத்து வருஷம் வெளியூரில் இருந்தவரைப் பரளச்சிக் கடைகளில் யாருக்குத் தெரியும்? அந்த வாரம் முழுக்க அலைந்து எல்லாக் கடையிலும் போட்டுவிட்டு வந்தார். எவனும் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசவில்லை, ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பா மொபெட்டைத் துடைத்துக்கொண்டே, "பாப்பா, லைனுக்கு வாரியா?" என்றார்.

ஒருநாளும் என்னை லைனுக்குக் கூட்டிப்போனவர் இல்லை. வெயில் ஆகாது, பொம்பளப் பிள்ளைக்குக் கடைத்தெருவில் என்ன வேலை என்பார். எத்தனையோ சனிக்கிழமை அழுதும் பார்த்திருக்கிறேன். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் ஏன் என்று யோசித்திருப்பேன். கூப்பிட்டது அப்பா. நான் ரிப்பன் கட்டிக்கொண்டு முன்னால் ஏறி நின்றுகொண்டேன்.

மழை பொய்த்த வருஷம் அது. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேல முள், அதைத் தாண்டினால் வெடித்துக் கிடந்த கரிசல். பரளச்சியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடை. கடையை நடத்துகிற அம்மாள் ஊரில் பாதிப் பேருக்குப் பஞ்சாயத்துப் பண்ணுகிறவள். அவள் வாங்கினால் ஊர் வாங்கும், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். கடையில் நாலைந்து பெண்கள் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அப்பாவைப் பார்த்ததும் அந்த அம்மாள் கல்லாவை விட்டு எழுந்துவிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்தீக. போன வாரம் ஒருத்தன் கூலிங் கிளாஸு மாட்டிக்கிட்டு, லோடு ஆட்டோவுல வந்தான். ஒங்க தம்பின்னான். ஜட்டிக்காரன் சோப்புன்னு ஒண்ணத் தள்ளிட்டுப் போயிட்டான். பாத்தா ஜட்டியவே காணோம். நீங்கதான அன்னைக்கி அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னீக? நான் ஒண்ணு விக்கல. உள்ள தள்ளி வச்சிட்டேன். இது ஒங்க சரக்குதானா?"

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சோப்பை எடுத்து நீட்டினாள். அப்பா அதை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். முதல்தடவை பார்க்கிறவர் மாதிரி அந்த மூடி போட்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றிருந்த பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டு அப்பா வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த வார்த்தைக்காகத்தான் சித்தப்பா வீட்டில் காத்துக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்குத் தெரிகிறது.

அப்பா குனிந்து சோப்பை என் கையில் கொடுத்தார்.

"நீ சொல்லு பாப்பா. இது நம்ம சோப்பா?"

கடைக்கார அம்மாளும், "ஆமா, பிள்ள வாயில பொய் வராது. நீ சொல்லு தாயி" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆடு காணாமல் போனாலும், பெண் பார்க்கப் போகலாமா என்றாலும், பெரியவர்களுக்கு ஒன்றும் பிடிபடாதபோது சின்னப் பிள்ளையை நிறுத்திக் கேட்பார்கள். பிள்ளை சொன்னது சாமி சொன்னது. அதற்குப்பிறகு யாரும் பேசமாட்டார்கள்.

நான் சோப்பைப் பார்த்தேன். பெல்ட்டில் அந்தப் பச்சைப் பொட்டு இருந்தது. எங்கள் சோப்பு என்றால் அதில் குடம் இருந்திருக்க வேண்டும். நானே வரைந்தது. குடம் இல்லாத இது எப்படி எங்கள் சோப்பாகும்? எனக்கு அத்தனை நாள் கோபமும் திரும்ப வந்துவிட்டது.

"இல்ல" என்றேன். "இது எங்களோடது இல்ல."

கடைக்கார அம்மாள், "நாந்தான் சொன்னேன்ல" என்று பெண்களிடம் திரும்பினாள். ஒருத்தி, "மூஞ்சிய மூடிக்கிட்டு இருக்கப்பவே எனக்குத் தெரியும், களவாணிப்பய" என்றாள். யாரைச் சொன்னாள், லேபிளில் இருந்தவனையா, கூலிங் கிளாஸ் போட்டவரையா என்று தெரியவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அடிப்பாரோ என்று ஒரு எட்டு பின்னால் வைத்தேன். அப்பா அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை. என் கையிலிருந்த சோப்பை வாங்கி மெதுவாகக் கடைப்பலகையில் வைத்தார். "பிள்ளைக்குத் தெரியுது" என்றார், அவ்வளவுதான். பிறகு பழைய லேபிள் சரக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சிவப்புக் கலர், ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்தது. நான் கேட்கவில்லை. அவர் குடிக்கவில்லை. மொபெட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

பரளச்சியிலிருந்து கிளம்பிய பஸ் எங்கள் மொபெட்டை முந்திப் போனது. நாங்கள் வீரசோழன் கடைத்தெருவுக்குப் போய்ச் சேரும்போது, சேதி எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கடைக்கார பாய் எங்களைக் கண்டதும் எதுவும் கேட்கவில்லை. புது லேபிள் பெட்டியைக் கட்டி வெளியே வைத்திருந்தார். "இந்தப் பாப்பாதான் சொல்லிச்சாமே, புத்திசாலிப் பிள்ள" என்று எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். அப்பா அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரே பெருமை. அன்று முழுக்க என்னைவிடக் கெட்டிக்காரி அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு வாரத்தில் புது லேபிள் சரக்கு ஒவ்வொரு பெட்டியாகத் திரும்பி வந்தது. பஸ் கூரையில் வந்தது, தெரிந்தவர்கள் கையில் வந்தது, ஒரு பெட்டி கொட்டகை வாசலில் தானாகவே கிடந்தது. யாரோ போலி என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். இன்னொரு சோப்புக் கம்பெனிக்காரனாக இருக்குமோ என்றார். அச்சாபீஸ்காரன் மேல் சந்தேகப்பட்டார். ஆட்டோ டிரைவர் மேல் சந்தேகப்பட்டார். அவர் யாரைச் சொன்னாலும் நானும் கூடவே சேர்ந்து சந்தேகப்பட்டேன். ஆட்டோ டிரைவரின் முழியே சரியில்லை என்று நானே எடுத்துக் கொடுத்தேன். பரளச்சியில் நான் ஒரு வார்த்தை சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை. நான் சொன்னது உண்மைதானே, உண்மை எப்படிக் கெடுதல் செய்யும்?

அப்பா, "விடுப்பா, ஜனங்க அப்பிடித்தான். பழகுனத விடாது" என்று தம்பியின் தோளில் கை வைத்தார். சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருப்பீகண்ணே" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சோறு போட்டாள், அப்பாவிடம் மட்டும் போதுமா என்று கேட்கவில்லை.

சொன்ன சொல் தவறாமல் சித்தப்பா கிளம்பினார். பெட்டி கட்டியபிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அடுத்த அச்சுக்காக அவர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த லேபிள். அதே கறுப்பு வீரன். பெல்ட்டின் நடுவில் குடம். முன்பு வரைந்ததைவிட நாலு மடங்கு பெரிதாக, கழுத்தும் விளிம்பும் தெரிய, நான் வரைந்த கோணல்கூட மாறாமல் இருந்தது.

"சொன்னேன்ல, பெருசாப் போடுவோம்னு" என்றார்.

நான் தாளை வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் போகிற நேரத்தில் போட்டுக் காட்டுகிறாரே, இதில் என்ன சூதோ என்று நினைத்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் சாப்பிடாமல் கொட்டகைக்குப் போய், காய்ச்ச வேண்டிய நாள் இல்லாதபோதும் கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தார். மிஞ்சிய புது லேபிள் கட்டுகளில் லேபிள் ஒட்டும் அக்காமார் ரொம்ப நாள் வடை மடித்துத் தின்றார்கள்.

சித்தப்பா மெட்ராஸிலேயே கல்யாணம் செய்து, அங்கேயே இருந்துவிட்டார். இப்போதும் பொங்கலுக்கு வருவார். சாப்பிடும்போது எப்படியோ பேச்சு அதில் வந்து நிற்கும். "அன்னைக்கி எவனோ ஒருத்தன் நம்ம லேபிளப் போலின்னு கெளப்பிவிட்டான் பாருங்க. அவன் மட்டும் இல்லைன்னா நானும் இங்கதான் இருந்திருப்பேன்" என்பார். அப்பா மோர் கேட்பார். நான் போய் எடுத்து வருவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பெனிக் கணக்கெல்லாம் என் கைக்கு வந்தபிறகு, இந்த ஜட்டியையாவது கொஞ்சம் மாற்றலாமே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜட்டிய என்ன வேணா பண்ணு. மூஞ்சிய மட்டும் தொட்டுறாத. அது யாருன்னு நெனச்ச? ஒங்கப்பாதான். படம் வரையிறவருக்கு ஆளு வேணும்னு, இவுகளையே பெஞ்சுல குப்புறப் படுக்கப் போட்டு, கைய நீட்டச் சொல்லி வரஞ்சிருக்காக. துண்டு பறக்கணும்ல? அப்பப் பள்ளிக்கூடத்துக்குப் போறவரு ஒங்க சித்தப்பா, அவருதான் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு கையாலயும் துண்டத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டே நின்னாகளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக ரெண்டு பேரும், முந்தி."

அம்மா அடுத்த துணியை எடுத்து உதறினாள். நான் கொட்டகைக்குப் போய் ஒரு சோப்பை எடுத்துப் பார்த்தேன். அப்பா மீசையை எப்போதோ எடுத்துவிட்டார், தலை நரைத்துவிட்டது. அந்தப் புருவம் அப்படியேதான் இருந்தது. அதே துண்டைத் தம்பி பெரியவனாகி வந்து, முகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டபோது, மூஞ்சி எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குமேல் கேட்கத் தெரியாத ஆள் அவர். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. சித்தப்பாவுக்குப் போன் செய்ய நம்பரை எடுத்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டேன். போன் செய்தால் முதலில் என்னைப் பற்றித்தானே சொல்ல வேண்டும்?

அன்று பரளச்சிக் கடை வாசலில் நான் அந்தச் சிவப்புக் கலரை உறிஞ்சி முடித்ததும், அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "போதுமா, இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டு கலர் கிடைத்ததில்லை. கேட்காமல் கிடைக்கிற மிட்டாயைக்கூடச் சந்தேகப்படுகிற நான், கையை நீட்டி வாங்கி, அந்த இரண்டாவது பாட்டிலையும் அடிவரைக்கும் குடித்தேன்.